வண்டி நின்றது ஏன்?

சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித் தபசு விழாவாலும் புகழ் பெற்ற ஊர். அவ்வூரின் மலர்ச் சந்தையும் பெயர் பெற்றதே. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பறிக்கப்படும் மல்லிகையும் பிச்சியும் அங்கு வந்து குவிகின்றன. அங்கிருந்து கேரளத்திற்குச் செல்லும் வண்டிகள் தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறுகின்றன. மலர் காத்திருக்கும் பொருள் அன்று. அதனை ஏற்றிய வேன் வழியில் நின்றுவிடின், உழவரின் உழைப்பும் வணிகரின் முதலும் வாடிப்போகும். ஆதலின், வண்டி நிற்பதன் காரணத்தை அறிதல் பயனுடைய கல்வியாகும்.

நம் நாட்டில் மிகுதியாக ஓடிய வேன்களுள் மாருதி ஆம்னி ஒன்று. 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டியின் உற்பத்தி 2019-ஆம் ஆண்டில் நின்றது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அதன் எஞ்சின், முன் இருக்கைகளின் அடியில் அமைந்தது. பழைய ஆம்னிகளில் கார்புரேட்டர் என்னும் கருவியே பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அளித்தது.

அத்தகைய வண்டியில் பெட்ரோல் செல்லும் வழியைக் காண்போம். டாங்கிலிருந்து புறப்படும் பெட்ரோல், குழாய் வழியே வந்து வடிகட்டியில் தூசு நீங்குகின்றது. பின்னர்ப் பம்பு அதனை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளுகின்றது. பம்பினுள் மெல்லிய சவ்வு ஒன்று மேலும் கீழும் அசைகின்றது. அதனை அசைப்பது எஞ்சினின் சுழற்சியே. கார்புரேட்டரின் சிறு கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் உயர்ந்தால் மிதவை எழுந்து ஊசி வால்வை மூடும். குறைந்தால் தாழ்ந்து திறக்கும். கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியே காற்றோட்டத்தில் கலக்கின்றது.

இவ்வழியில் எங்குத் தடை நேரினும் எஞ்சின் பட்டினி கிடக்கும். சமதரையில் நன்றாக ஓடும் வேன் மலையேற்றத்தில் திணறுவதுண்டு. வடிகட்டி ஓரளவு அடைபட்டிருப்பின் இவ்வாறு நேரும். சமதரையில் எஞ்சினுக்குச் சிறிதளவு பெட்ரோலே போதும். அதனை அடைபட்ட வடிகட்டியும் தந்துவிடும். ஏற்றத்திலோ தேவை மிகும். வரவு அதற்கு ஈடாகாது.

டாங்கினுள் பெட்ரோல் குறையக் குறைய, அவ்விடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். காற்றுப் புகும் சிறுவழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பின் இழுப்பை எதிர்க்கும். மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உட்புகுந்து, வண்டி மீண்டும் ஓடுமாயின், குற்றம் அங்கேதான் என்று துணியலாம்.

கோடை வெயிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. எஞ்சினின் வெப்பத்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகும். பம்பு ஆவியைத் தள்ளமாட்டாது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மீண்டும் நீர்மமாகும், வண்டியும் கிளம்பும்.

2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது; பழைய ரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் நாளடைவில் கெடுக்கவும் கூடும். எனவே, பழைய வண்டியில் இவற்றை அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

தேர்ந்த மெக்கானிக், கையில் அகப்பட்ட உறுப்பை மாற்றத் தொடங்குவதில்லை. முதலில் டாங்கில் பெட்ரோல் உள்ளதா என்று பார்ப்பார். அளவு காட்டும் முள்ளும் பொய் சொல்வதுண்டு. அடுத்து மூடி, குழாய், வடிகட்டி என முறையே ஆராய்வார். பம்புவரை பெட்ரோல் வந்து, அதற்கப்பால் செல்லவில்லை எனின், பழுது பம்பில் உள்ளது. கார்புரேட்டர்வரை வருமாயின், ஊசி வால்விலோ ஜெட்டிலோ அடைப்பைத் தேடுவார். எங்கும் தடையில்லையெனில், மின்பொறி எழுகின்றதா என்று நோக்குவார். இம்முறையின்றி நல்ல பம்பைக் கழற்றி எறிந்து புதியது வாங்கினால், பணமும் போகும், பழுதும் நீங்காது.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்குப் புலப்படாது தரையோடு பரவி, சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். சூடான எஞ்சினருகே குழாயைக் கழற்றுதல் ஆகாது. குழாயை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வழக்கமும் கொடியது. நுரையீரலுள் சிறிதளவு புகினும் உயிருக்கு ஊறு விளையும். இவ்வேலை பயின்ற பெரியோர்க்கே உரியது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. மலர் ஏற்றிய வேன் மலையடிவாரத்தில் நின்றபொழுது, மெக்கானிக்குக்கும் அந்நெறியே வழிகாட்டி.