அப்பா நிறுத்திய மாத்திரை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவோட பேசிட்டிருந்தேன். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிஞ்சு போனை வைக்கப்போற நேரத்துல, "அந்த நெஞ்சு மாத்திரைய நிறுத்திட்டேன்டா தம்பி, நாலு நாளாச்சு. இப்பத்தான் உடம்பு லேசா இருக்கு"ன்னார். ஏதோ சிகரெட்டை விட்டவர் மாதிரி குரல்ல ஒரு பெருமை.

மூணு வருஷம் முன்னாடி அவருக்கு ஸ்டென்ட் வைச்சாங்க. அன்னிலேர்ந்து தினமும் மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. கூடவே சர்க்கரைக்கு இன்சுலின்.

(நான் படிக்கிறது கட்டுமானப் பொறியியல் முதுகலை. தப்பா ஏதாவது எழுதியிருந்தா மருத்துவப் பதிவர்கள் பின்னூட்டத்துல வந்து குட்டலாம் :-))

அவர் குறைகள் புதுசில்ல. மாடிப்படி ஏறினா அசதி, மதுரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கிற பாதம், விடிகாலையில வர்ற தாறுமாறான கனவுகள். நாங்கதான் "வயசாச்சுல்ல"ன்னு சொல்லிட்டு இருந்தோம். மூணுமே இந்த மாத்திரையோட பக்கவிளைவுப் பட்டியல்ல இருக்கு. மெட்டோப்ரோலால் கொழுப்புல கரையுறதால மூளைக்குள்ளயும் போயிடும், கனவு அதனால வரலாம்ங்கறாங்க.

நடக்கிறது இதுதான். அட்ரினலின் வந்து உக்கார இதயத்துல பீட்டா ஏற்பிகள்னு இருக்கைகள் இருக்கு. மாத்திரை முந்திக்கிட்டு அதுல துண்டு போட்டுடும். அட்ரினலினுக்கு இடமில்ல, துடிப்பு குறையும், இதயத்துக்கு ஆக்சிஜன் தேவையும் குறையும். இதை யோசிச்ச ஜேம்ஸ் பிளாக், 1950களில் நான் இப்ப இருக்கிற இதே கிளாஸ்கோவுல கால்நடை மருத்துவப் பள்ளியில வேலை பார்த்தவர். 1960களில் ப்ரொப்ரனலால் வந்தது, 1988ல நோபல் பரிசு.

வில்லங்கம் எங்கன்னா, மாசக்கணக்கா துண்டு கிடந்தா உடம்பு சும்மா இருக்காது. கூடுதலா இருக்கைகளைப் போட ஆரம்பிக்கும். ஒரே நாள்ல எல்லாத் துண்டையும் எடுத்தா? தீபாவளிக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுதான். துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே கூட வரலாம். நிறுத்தணும்னா டாக்டர் பார்வையில, ஒண்ணு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

"நாடியைப் பாருங்கப்பா"ன்னேன். பிரஷர் மெஷின் 104 காட்டுச்சு. மாத்திரை போடுறப்ப 52, 54 இருக்குமாம். அந்த 52ஐயும் அவர் யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல.

திங்கட்கிழமை டாக்டர் ஈசிஜி எடுத்துட்டு, திட்டிட்டு, 25ல மறுபடி ஆரம்பிச்சார். ஆனா அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எங்களை உலுக்கிடுச்சு. "சர்க்கரை இறங்குறது உங்களுக்குத் தெரியுதா?" சர்க்கரை குறைஞ்சா படபடப்பு, கைநடுக்கம் வரும்ல, அதை உண்டாக்குறதும் அட்ரினலின்தான். பீட்டா பிளாக்கர் அந்த எச்சரிக்கை மணியை அமுக்கிடும். வேர்வையை மட்டும் மறைக்காது. அம்மாவுக்கு அப்பத்தான் ஞாபகம் வந்தது: ரெண்டு மாசம் முன்னாடி கோயில்லேர்ந்து அப்பா தொப்பலா நனைஞ்சு வந்து, ஏதோ உளறிட்டு, பானகம் குடிச்சப்புறம் சரியானார். வெயில்னு நினைச்சிருக்காங்க.

இதையெல்லாம் படிச்சு எல்லா அசதியையும் மாத்திரை தலையில கட்டிடாதீங்க மக்கா. 2002ல ஜாமா இதழ்ல 15 சோதனைகள், 35,000க்கும் மேல நோயாளிகளை அலசினாங்க. மாத்திரையால கூடுதலா அசதி வந்தது வருஷத்துக்கு ஆயிரத்துல 18 பேருக்குத்தான். அதுக்காக எங்கப்பாவை அந்த 18ல இல்லைன்னு சொல்ல நான் யாரு? டோஸ் குறைச்சு மூணு வாரத்துல அவரே படியேறி மொட்டை மாடியில வத்தல் காயப்போடுறார். வீசிங் இருக்கிறவங்க மட்டும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. கண்ணழுத்தத்துக்குப் போடுற டிமோலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான், அதுவும் மூச்சுக்குழாயை இறுக்கும்.

இப்ப அப்பா சட்டைப் பையில எப்பவும் குளுக்கோஸ் பொட்டலம். பாதம் இன்னும் சில்லுன்னுதான் இருக்காம். நான் அனுப்பின கம்பளி சாக்ஸை மே மாசத்துலயும் போட்டுக்கிட்டு தெருவுல நடக்கிறார், அம்மாதான் கூடப் போக மாட்டேங்கறாங்க.