முருகையைத் தின்னும் புழு – வீட்டு மீன்தொட்டியில் ஒரு நெடிய வைத்தியம்

தீவகத்தில் பிறந்தவர்களுக்கு முருகைக்கல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி எழுந்து நிற்கும் மதில்கள் அந்தக் கல்லை அடுக்கிக் கட்டப்பட்டவை. சூளையில் இட்டுச் சுட்டு, சுண்ணாம்பாக்கி வீடு கட்டியதும் அதே கல்லைக் கொண்டுதான். கடற்கரையில் காலில் இடறும் அந்தக் கல்லுக்கு ஒரு விலை இருக்கும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று தென் இலண்டனின் தோர்ண்டன் ஹீத் பகுதியில், எமது கடைகள் நிறைந்த வீதிக்கு அண்மையில், நண்பர் ஒருவரது வரவேற்பறையில் அதே முருகை உயிருடன் வளர்கின்றது. இருநூறு லீற்றர் உப்புநீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி அது. சிறுவிரல் அளவான ஒரு துண்டை முப்பது, நாற்பது பவுண் கொடுத்து வாங்கி வளர்த்திருக்கிறார். நண்பருக்கு இரவு வேலை. அவர் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் வயோதிபத் தந்தையாருக்கு அந்தத் தொட்டியே பேச்சுத் துணை. இளமையில் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர் அவர். "தம்பி, நாங்கள் வண்டில் வண்டிலாக் கொண்டுபோய் எரிச்சதுக்கு இவன் இங்க விளக்குப் போட்டுச் சோறு குடுக்கிறான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்தத் தொட்டிக்கு நேர்ந்த நோயும், அதனைத் தீர்க்க எடுத்த முயற்சியும் பிறருக்கும் பயன்படும் என்பதனால் இங்கு எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத களவு

முருகை கல்லன்று, விலங்கு. மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தம் அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டே வளர்கின்றன. அவற்றின் தசைக்குள் வாழும் நுண்ணிய பாசிகள் ஒளியைக் கொண்டு உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. முருகையின் நிறத்துக்கும் பெரும்பாலும் அப்பாசிகளே காரணம்.

நண்பரின் தொட்டியில் மான்கொம்பு போற் கிளைவிடும் அக்ரோபோரா என்னும் இனம் ஒன்பது செடிகளாக வளர்ந்திருந்தது. ஒருநாள் அவற்றின் நிறம் மங்கத் தொடங்கியது. அடிப்பகுதியில் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. நீரின் உப்பு, வெப்பம், சுண்ணாம்புச் சத்து அனைத்தையும் அவர் அளந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. பிழை எங்கே என்று தெரியாமல் ஒரு மாதம் கழிந்தது. அதற்குள் மூன்று செடிகள் இறந்துவிட்டன.

உண்மையைக் கண்டுபிடித்தவர் தந்தையார். சூளைக்குக் கல் எடுக்கும்போது அடியைப் புரட்டிப் பார்ப்பது அவரது பழைய வழக்கம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, இறந்த செடியின் அடியில் பொன்னிறமான சிறு புள்ளிகள் கூட்டமாக ஒட்டியிருப்பதைக் காட்டினார். அவை முட்டைகள். பின்னர் இறப்பர் குமிழ் பொருத்திய குழாயினால் ஒரு கிளைமீது நீரைப் பாய்ச்சியபோது, மெல்லிய செதில்கள் போன்றவை கழன்று மிதந்தன. அவை தட்டைப்புழுக்கள்.

இந்தப் புழு அக்ரோபோராவை உண்டு வாழ்வது. அது விழுங்கும் முருகையின் நிறமே அதன் உடலிலும் தெரிவதால், அருகிருந்து பார்த்தாலும் பிடிபடாது. கிளைகளில் வட்டமான வெளிறிய கடித் தடங்களே அதன் அடையாளம். தொட்டி வளர்ப்போர் பல ஆண்டுகளாக இதனால் துன்புற்று வந்தபோதும், அறிவியலாளர் இதற்குப் பெயரிட்டது 2011 இல்தான். அமக்குசாப்ளானா அக்ரோபோரே என்பது அன்று இட்ட பெயர். இன்று புறொஸ்தியோஸ்டோமம் என்னும் இனத்துள் அதனைச் சேர்த்துள்ளனர்.

வைத்தியம்

முதற் பாடம்: தொட்டிக்குள் மருந்தை ஊற்றக்கூடாது. செடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தே வைத்தியம் செய்தல் வேண்டும். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, முருகை கழுவுவதற்கென விற்கப்படும் கரைசலைப் புட்டியில் குறித்துள்ள அளவின்படி கலந்து, குறித்த நிமிடங்கள் மட்டுமே செடியை அதில் வைத்திருக்க வேண்டும். இடையிடையே குழாயினால் நீரைப் பாய்ச்சினால் மயங்கிய புழுக்கள் கழன்று விழும். பின்னர் மருந்தற்ற மற்றொரு வாளி நீரில் அலசி எடுத்தல் வேண்டும். மருந்து நீரில் ஒரு துளியும் தொட்டிக்குத் திரும்பலாகாது. சில வகை முருகைகள் மருந்தைத் தாங்கமாட்டா. ஆகவே முதலில் ஒரு சிறு துண்டிற் செய்து பார்ப்பது நன்று.

இரண்டாவது பாடமே பலரை ஏமாற்றுவது. இந்தக் கரைசல்கள் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லா. தசை இழந்த எலும்பில் ஒட்டியிருக்கும் முட்டைகளை ஊசியாற் சுரண்டியோ, அந்தப் பகுதியையே வெட்டியோ அகற்ற வேண்டும். அப்படிச் செய்தும் சில தப்பிவிடும். தொட்டியின் வெப்பத்தைப் பொறுத்து அவை பொரிக்க ஒன்றரைக் கிழமை தொடக்கம் மூன்று கிழமைக்கு மேலும் செல்லலாம். பொரித்த குஞ்சு வளர்ந்து மீண்டும் முட்டையிடு முன்னர் அதனைக் கொன்றாக வேண்டும். எனவே கிழமைக்கு ஒரு தடவையாக, குறைந்தது ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைகளுக்கு இதே வேலையை விடாது செய்தல் வேண்டும். ஒருமுறை கழுவி, புழு தெரியவில்லை என்று மகிழ்ந்து விட்டுவிடுபவர்கள் இரண்டு மாதத்தில் மீண்டும் தொடங்க வேண்டி வரும்.

இக்காலம் முழுவதும் அக்ரோபோராக்கள் யாவும் வேறொரு சிறு தொட்டியில் இருப்பதே உத்தமம். பெருந்தொட்டியில் எஞ்சிய புழுக்கள் உணவின்றி மடியும்.

எல்லாப் பூச்சிகளுக்கும் ஒரே மருந்து அல்ல. அக்ரோபோராவில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிபோல ஊரும் நுண்ணிய பூச்சி ஒன்று உண்டு. நாய்களுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் என்னும் மாத்திரையால் அதனை ஒழிக்கலாம் எனப் பலர் கண்டுள்ளனர். ஆயின் அதே மருந்து தொட்டியிலுள்ள இறால், நண்டுகளையும் கொன்றுவிடும். பிரித்தானியாவில் மிருக வைத்தியரின் மருந்துச் சீட்டின்றி அதனைப் பெற முடியாது. மொன்ரிப்போரா என்னும் முருகையைத் தின்னும் வெண்ணிறக் கடல் நத்தை வேறொன்று. ஓடற்ற அந்த நத்தையின் ஓரினத்துக்கு 2020 இல்தான் பெயர் வைத்தனர். அதன் முட்டையையும் கையாலேயே அகற்ற வேண்டும்.

கடலில் இது நோயன்று

இந்தப் புழுவை அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவுக் கடலில் ஆய்வாளர்கள் இயற்கையாகவே கண்டு 2012 இல் அறிவித்தனர். அங்கே அது முருகையை அழித்துவிடவில்லை. கடலில் அதனைத் தின்னும் மீனும் இறாலும் உண்டு. கண்ணாடிச் சுவருக்குள் அந்தப் பகையாளிகள் இல்லாமையே அதனைக் கொள்ளை நோயாக்குகின்றது. ஆறு கோடுகளையுடைய ஒரு சிறு ராஸ் மீனும், ஒருவகைக் கோடிட்ட இறாலும் இப்புழுக்களின் தொகையைக் குறைப்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியுள்ளனர். இவை வைத்தியத்துக்கு ஈடாகா. வைத்தியத்தின் பின் காவலாக நிற்கும்.

காவல் குலைந்தாற் கடலிலும் அழிவு நேரும். முட்கிரீடம் எனப்படும் நட்சத்திரமீன் பெருகி, 1970களில் திருகோணமலைக் கடலின் முருகைகளைத் தின்று பாழாக்கியது. அவுஸ்திரேலியாவில் இன்றும் சுழியோடிகள் ஒவ்வொரு நட்சத்திரமீனாகத் தேடி ஊசி ஏற்றிக் கொல்கின்றனர். கடலானாலும் தொட்டியானாலும் குறுக்கு வழி இல்லை.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து சில மைல் தொலைவில், ஃபொரெஸ்ட் ஹில்லில் உள்ள ஹோர்னிமன் அரும்பொருட்காட்சியகம் இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் கணினியால் அமைத்து, மூடிய தொட்டிக்குள் அக்ரோபோராவைத் திட்டமிட்டு இனம்பெருக்கச் செய்வதில் 2013 இல் அங்குள்ளோர் வெற்றி கண்டனர். குஞ்சு முருகைகளைப் பாசி மூடிக் கொல்லாதிருக்க, பாசியை மேயும் சிறு கடல் முள்ளெலிகளை அவற்றோடு சேர்த்து வளர்த்தால் அதிகம் பிழைக்கின்றன என்பதையும் 2019 இல் வெளியிட்டனர். தனித்து வைத்தலைவிடத் தகுந்த அயலவரோடு வைத்தலே முருகைக்குப் பாதுகாப்பு.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: புதிதாக வாங்கும் எந்தத் துண்டையும் நேரே தொட்டியில் இடாதீர்கள். கழுவி, அடியைப் புரட்டிப் பார்த்து, ஒன்றரை மாதமாவது வேறாக வைத்துக் கவனியுங்கள். நண்பரின் தொட்டிக்குப் புழு வந்ததும் ஒரேயொரு மலிவான துண்டோடுதான்.

இரண்டு: பூச்சி ஒழிக்கும் எண்ணத்தில் முருகைப் பாறையைக் கொதிநீரில் அவிக்க வேண்டாம். பொத்தான் போலப் பரவும் சோவாந்திட் என்னும் இனங்கள் சிலவற்றில் பாலிரொக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் வைத்தியசாலை சென்றிருக்கின்றனர். 2018 இல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்துக்கும், உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினருக்கும் இதுவே நேர்ந்தது. ஓர் அறையிற் பிள்ளைகளோடு வாழும் எம்மவர்கள் இதனை மறத்தலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, யன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள்.

மூன்று: ஊருக்குப் போய்வருவோர் நினைவுக்காக முருகைத் துண்டொன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர எண்ணலாம். இலங்கையில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தாற் தடுக்கப்பட்டது. கல் முருகைகள் சர்வதேச உடன்படிக்கையின் கீழும் உள்ளன. அனுமதிப் பத்திரமின்றிக் கொண்டுவந்தாற் சுங்கத்திற் பறிகொடுப்பதோடு வழக்கும் வரலாம். வதிவிட விண்ணப்பம் முடிவாகாத நிலையில் ஒரு கல்லுக்காக அந்த வில்லங்கம் எவருக்கும் வேண்டாம்.

எஞ்சியவை

இரண்டாவது கிழமையில் நண்பர் மனம் தளர்ந்து, எல்லாவற்றையும் ஊற்றிவிட்டுத் தொட்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் மகன் வேலையால் வந்தபோது, மேசை விளக்கின் கீழ் ஒரு கிண்ணம் உப்புநீரோடு அமர்ந்து, ஒரு துண்டின் அடியை ஊசியாற் சுரண்டிக்கொண்டிருந்தார். அதன்பின் விற்கும் கதை எழவில்லை.

எட்டாவது கிழமை நான் சென்றிருந்தேன். ஒன்பதில் நான்கு பிழைத்திருந்தன. ஒன்றின் நுனியில் ஊதா நிறத்தில் அரிசியளவு புதுக் குருத்து வந்திருந்தது. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தால் அதுவே பெரிது.

"இதில ஒரு மதில் கட்ட எத்தனை வருசம் செல்லும் ஐயா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆர் தம்பி இதைக் கணக்குப் பார்த்தது?" என்றார்.