படகில் ஏறும் இடம்தான் பயம்!

லீவு விட்டதும் நம்ம மதுரைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடைக்கானல். அங்கே போய்விட்டு ஏரியில் படகு ஏறாமல் திரும்ப எந்தப் பிள்ளை சம்மதிக்கும்?

அந்த ஏரிக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமோ தோழிகளே? மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை, 1863-ல் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது அது. முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்ததும் அவர்தானாம். மோட்டார் ரோடே இல்லாத காலத்தில், ஒரு படகை அத்தனை உயரத்துக்கு எப்படித்தான் கொண்டு போனார்களோ!

கொடைக்கானலிலாவது கால் வைக்கப் படகுத்துறை இருக்கிறது. சில சின்ன ஏரிப் பூங்காக்களில் அதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் போன ஓரிடத்தில், இரண்டு ஆட்கள் படகைத் தூக்கி வந்து தண்ணீர் ஓரத்தில் போட்டார்கள். சேற்றுக் கரையில் நின்றபடியே ஏறச் சொன்னார்கள். என் நாத்தனார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகின் விளிம்பில் காலை வைத்ததுதான் தாமதம், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்ததால் முழங்கால் சிராய்ப்போடு போச்சு. இடுப்பில் கைக்குழந்தை இருந்திருந்தால்...? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

படகின் விளிம்பில் கால் வைக்கவே கூடாது. நடுவில் வைத்து, குனிந்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹேண்ட் பேக்கை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக ஏறுங்கள். குழந்தையோடு ஏறாதீர்கள். ஒருத்தர் ஏறி உட்கார்ந்த பிறகு, கரையில் இருப்பவர் குழந்தையை நீட்டட்டும். இறங்கும்போதும் இப்படித்தான். கரை வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பதுதான் நம்ம வழக்கம்!

போட்டோவுக்காக ஒரே பக்கம் சாய்வதும் வேண்டாம். 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே, விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணம் என்றார்கள். 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில், ஏரிக்குச் சுற்றுலா வந்த 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு லைப் ஜாக்கெட்டும் இல்லை.

நம்ம பெண்கள் பலர் ஜாக்கெட்டைப் போடவே கூச்சப்படுகிறார்கள். "புடவை கசங்கும்டி, ஈர நாத்தம் அடிக்குது" என்று மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால், நீச்சல் தெரிந்தவளுக்கே கஷ்டம். நமக்கு நீச்சல் யார் கற்றுக் கொடுத்தார்கள்? போட்டால் மட்டும் போதாது, வார்களையும் இறுக்கிப் பூட்ட வேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்னக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் அது கழுத்துக்கு மேலே ஏறிக் கழன்றுவிடும். டிக்கெட் வாங்கும் முன்பே, "பிள்ளைங்க சைஸ் இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, ஒரு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்துக் கரையிலேயே நடக்க வையுங்கள்.