வெள்ளையடிக்க வீட்டை இடிக்க வேண்டுமா?

ஞாயிறுதோறும் தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில் சொல்லச் சொல்ல, செம்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் அடித்து வைத்த குறிப்புகள் நாற்பது பக்கங்களைத் தாண்டியிருந்தன. எந்தப் பண்டிகைக்கு என்ன பட்சணம், யாருக்கு யார் என்ன உறவு என்று எல்லாம் அதில் இருந்தது. 2021-இல் ஒரு நாள் லினக்ஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். "டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளவா?" என்று அது கேட்டது. யோசிக்காமல் 'சரி' என்று தட்டினேன். அத்தனையும் போயிற்று!

"அதனால் என்னடா, மறுபடி சொல்றேன், எழுதிக்கோ" என்றார் அம்மா. சொன்னார்தான். ஆனால் கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊர்ப் பெயர் இரண்டாம் முறை அவருக்கு நினைவு வரவில்லை.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. நான் வைத்திருப்பது டெபியன். இப்போது டிஸ்க்கை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒன்று சிஸ்டத்துக்கு, 50 ஜிபி எனக்குத் தாராளம். மற்றது 'ஹோம்'. கடிதங்கள், படங்கள், ஃபயர்பாக்ஸில் குறித்து வைத்தவை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. மறுபடி போடும்போது டிஸ்க் பிரிக்கும் இடத்தில் 'மேனுவல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்ய வேண்டும். ஹோம் பகுதியை 'ஹோம்' என்று காட்டினால் போதும், அதை ஃபார்மட் செய்யவே கூடாது. இந்தத் திரையில் மட்டும் அவசரம் வேண்டாம், இரண்டு தடவை படியுங்கள். பயனர் பெயரும் பழைய பெயராகவே இருக்கட்டும்.

அடுத்தது புரோகிராம்கள். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் போடுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்ற கட்டளை, நாமாகக் கேட்டுப் போட்டவற்றின் பட்டியலைத் தந்துவிடுகிறது. அதை ஹோமில் ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, பிறகு 'ஆப்ட்'டிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகைக்கு வேண்டிய ஐபஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும். புதிய பதிப்பில் பெயர் மாறிய ஒன்றிரண்டைப் பார்த்து ஆப்ட் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். அந்த வரிகளை நீக்கினால் சமாதானமாகிவிடும்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளியானது. அந்தத் தீபாவளி விடுமுறையில் அதைப் போட்டேன். இரண்டு டம்ளர் காபிக்குள் வேலை முடிந்தது (மாட்டுங்காவில் அரைத்த பொடி, கும்பகோணத்துக்குக் கொஞ்சம் மட்டுதான்).

ஒன்று மறக்கக்கூடாது. ஹோமைத் தனியே பிரித்து வைப்பது பிரதி எடுத்ததாகாது. டிஸ்க்கே பழுதானால் இரண்டும் சேர்ந்தேதான் போகும். அம்மாவின் குறிப்புகள் இப்போது ஒரு பென் டிரைவில் எங்கள் அலமாரியிலும், இன்னொன்றில் திருச்சியில் தம்பி வீட்டிலும் இருக்கின்றன. நான் லினக்ஸ் பக்கம் போனாலே, "முதல்ல காப்பி எடுத்தாச்சா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது.