‘ஹௌ’ என்று ஒருவர் கேட்க வேண்டும்

சார்மினார் பக்கத்து இரானி டீக்கடை. அடுத்த மேசையில் இரண்டு பெரியவர்கள். ஒருவர், தன் பைக்கை லாரி ஒன்று உரசிக்கொண்டு போன கதையைச் சொல்கிறார். மற்றவர் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி ‘ஹௌ... ஹௌ...’ என்கிறார். தக்கனி உருதுவில் அது ‘ஆமாம்’. லாரி நெருங்கும் இடம் வந்ததும் ‘ஹௌ’ நின்றது; பிஸ்கட் பிடித்த கையும் அந்தரத்தில் நின்றது. சொன்னவருக்குக் குரல் ஏறியது.

‘ம்’ கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடும் பாட்டியிடம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டியின் கண்டிப்பு நியாயமானதே. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸ் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. மயிரிழையில் தப்பிய அனுபவத்தைச் சிலர் சொன்னார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசிய வேலை ஒன்று: ஆங்கில ‘T’ எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் காது கூர்மையாகத்தான் இருந்தது. ஆனால் கதைக்குள் இல்லை. முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் சுளிக்கவில்லை, ‘ஐயோ’ சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. விளைவு, சொன்னவர்கள் தடுமாறினார்கள். உச்சக்கட்டத்தில் கதை சப்பென்று முடிந்தது. அதில் என்ன ஆபத்து இருந்தது என்று திரும்பத் திரும்ப விளக்கினார்கள். நல்ல பேச்சாளர் என்று நாம் கொண்டாடுகிறவரின் திறமையில் பாதி எதிரே உட்கார்ந்திருப்பவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

கேட்பவரின் மூளை செய்யும் வேலை இன்னும் வியப்பானது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லிவினாடி பிடிக்கிறது. ஆனால் உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி ஏறத்தாழ 200 மில்லிவினாடிதான். அப்படியென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, பதிலையும் தயாரித்துவிடுகிறோம்.

வினைச்சொல் கடைசியில் வரும் தமிழிலும் தக்கனியிலும் இது எப்படி முடியும்? ‘வருகிறாரா’, ‘வரவில்லையா’ என்பதே கடைசி அசைகளில்தானே தெரிகிறது? 2009-இல் டானியா ஸ்டைவர்ஸும் சக ஆய்வாளர்களும் பத்து மொழிகளில், ஆம்–இல்லை கேள்விகளுக்குப் பதில் வரும் வேகத்தை அளந்தார்கள். டேனிஷ் மொழியில் சராசரி இடைவெளி 469 மில்லிவினாடி. நம்மைப் போலவே வினையையும் வினா எழுத்தையும் வாக்கியக் கடைசியில் வைக்கும் ஜப்பானியத்திலோ வெறும் 7! பத்திலும் அதுவே மிகக் குறைவு. குரலின் ஏற்ற இறக்கம், பார்வை, பேச்சின் போக்கு எல்லாம் சேர்ந்து முடிவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அந்தப் பத்தில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. தக்கனி, தெலுங்கு, தமிழ் என்று ஒரே மேசையில் மொழி மாறி மாறிப் பேசும் ஊர் ஹைதராபாத். மொழி ஆய்வுக்கென்றே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. பேச்சைக் கணினியால் அளக்க ட்ரிபிள் ஐடி-யில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பழைய இரானி கடைகளோ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அந்த இரு நிறுவனங்களிலும் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உட்கார்ந்திருப்பவர்களின் அனுமதியோடு, அந்த மேசைப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பேசுபவரை மட்டும் படம் பிடிக்காதீர்கள். கேட்பவரின் முகமும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.