ஆப்பிள் சாற்றில் பூஞ்சை நச்சு

அழுகிய ஆப்பிளில் வளரும் ஒருவகைப் பெனிசிலியம் பூஞ்சை, பட்டுலின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் இது குடலைப் பாதித்தது. இந்நச்சு கண்ணுக்குப் புலப்படாது. கொதிக்கவைத்தாலும் முழுமையாக அழியாது. ஆகவே ஆய்வகத்தில் குரோமடோகிராபி முறையில் சாற்றைப் பரிசோதித்து இதன் அளவைக் கணிக்கின்றனர். இந்திய விதிகளின்படி ஒரு கிலோகிராம் ஆப்பிள் சாற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் பட்டுலின் இருத்தல் கூடாது. குழந்தை உணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்பு 10 மைக்ரோகிராம்.

வீட்டில் நோயாளிக்காகப் பிழியும் சாற்றுக்கு இப்பரிசோதனை இல்லை. நல்ல பழத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. அழுகிய பகுதியை மட்டும் வெட்டி நீக்குவது போதாது; சுற்றியுள்ள சதையிலும் நச்சு பரவியிருக்கக்கூடும். பழத்தை நறுக்கிப் பார்த்த பின்னரே பிழியுங்கள். உள்ளே அழுகலோ பூஞ்சையோ தென்பட்டால் முழுப் பழத்தையும் அகற்றிவிடுங்கள்.