திரைப்படத்தில் உருவமைக்கும் கலை

இராமேசுவரத்திற்குச் செல்வோர் அங்குள்ள கோயில்கள் சிலவற்றில், நீர்த்தொட்டியில் மிதக்கும் கற்களைக் காண்பர். சேது கட்டிய கதையோடு அவற்றை இணைத்து மக்கள் போற்றுகின்றனர். பார்வைக்குப் பளுவான பாறைத் துண்டு போலத் தோன்றும் அக்கல், நுண்துளைகள் நிரம்பியிருத்தலால் நீரில் ஆழ்வதில்லை. கண் ஒன்று கூறக் கை வேறொன்று கூறும் இவ்வியல்பு இயற்கையில் அரிது. ஆயின், இத்தகைய பொருள்களை ஆக்குவதையே தொழிலாகக் கொண்டவரும் உளர். அவர்களே திரைப்படங்களுக்குப் பொருள்களையும் மாதிரி உருவங்களையும் செய்து தரும் கைவினைஞர்.

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாகிய 'ராஜா அரிச்சந்திரா'வை 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட தாதாசாகிப் பால்கே, 1932ஆம் ஆண்டில் 'சேதுபந்தன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். வானரர் மலைகளைப் பெயர்த்துக் கடலை அடைத்த கதை அது. இத்தகைய கதையைப் படமாக்க முனைவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உண்மைப் பாறையை நடிகர் தூக்க இயலாது. எளிதில் தூக்கக்கூடிய பொருளைக் காண்போர் பாறையென நம்பமாட்டார். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே உருவமைப்போர் கடமையாகும்.

அவர்தம் பணி இருவகைப்படும். வாள், விளக்கு, நாற்காலி, சிலை, படகு எனக் கதையில் வருவோர் கையாளும் பொருள்களைச் செய்தல் ஒன்று. இவற்றைத் தொழிலார் 'செட் பிராப்பர்ட்டி' என வழங்குவர். நகரம், கோட்டை, கப்பல் போன்ற பெரும்பொருள்களைச் சிறிய அளவில் அமைத்து, திரையில் பெரியனவாகத் தோன்றச் செய்தல் மற்றொன்று. இதனைத் தொழிலார் 'மினியேச்சர்' என்பர். சிற்றுரு எனத் தமிழில் கூறலாம்.

திரைப்படம் புதியதாயினும் இக்கலை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என அளவு வகுக்கின்றது. தூண்களின் நிழல் ஆடுவோர்மேல் படாதவாறு விளக்கு வைக்கும் முறையையும் கூறுகின்றது. தெருக்கூத்தில் மன்னர் அணியும் முடியும் புயக்கட்டும் பொன்னாலும் மணியாலும் ஆனவை அல்ல. எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தில் வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிச் செய்யப்படுபவை. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டச் சிற்றூர்களில் புரவி எடுப்பு விழாவிற்கென வேளார் வனையும் மண்குதிரைகளும் இங்கு நினைக்கத்தக்கவை. உருவில் பெரிய அக்குதிரைகள் உள்ளே கூடாக இருத்தலால், சூளையில் வெடியாமல் வேகின்றன. சுமந்து செல்லவும் ஏற்றவையாகின்றன. தஞ்சைக் கைவினைஞர் நீர்ச்செடியின் நெட்டியைச் செதுக்கிப் பெரிய கோயிலையே மேசைமேல் வைக்கும் அளவில் அமைக்கின்றனர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

உதயணன் கதையில் வரும் பொறியானை இக்கலையின் அடிப்படையை நன்கு விளக்கும். யானைகள்மேல் பெருவிருப்புடைய உதயணனைச் சிறைபிடிக்க எண்ணிய உச்சயினி மன்னன், வீரர்களை உள்ளே மறைத்த செயற்கை யானை ஒன்றைக் காட்டில் நிறுத்தினான். யானையின் இயல்பெல்லாம் அறிந்த உதயணனே அதனை உண்மை யானை என நம்பி அகப்பட்டான். அவனையே மயக்க வேண்டுமாயின், அதனைச் செய்தவர் யானையின் நிறத்தையும் நடையையும் எவ்வளவு நுணுகி அறிந்திருத்தல் வேண்டும்! பொய்ப்பொருளைச் செய்பவர் மெய்ப்பொருளைப் பிறரினும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் விதி.

இனி, பாறை ஒன்று செய்யும் முறையைக் காண்போம். முதலில் களிமண்ணால் பாறையின் உருவத்தைப் பிடிப்பர். அதன்மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் எனப்படும் வெண்சாந்தை ஊற்றி அச்சு எடுப்பர். அச்சின் உட்புறத்தில் எண்ணெய் தடவி, பசையில் தோய்த்த காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டுவர். கண்ணாடி இழையையும் பிசினையும் பயன்படுத்துவதும் உண்டு. நன்கு உலர்ந்தபின் அச்சிலிருந்து பிரித்தெடுத்து, உள்ளே மெல்லிய சட்டங்களால் வலிமை சேர்ப்பர். வண்ணம் பூசுவதிலேதான் திறமை வெளிப்படும். பாறையின் பள்ளங்களில் நிழல் தங்கும். மேடுகளில் ஒளி படும். ஆதலின், முதலில் கருநிறம் பூசி, பின்னர் மேடான இடங்களில் மட்டும் வெளிர்நிறத்தைத் தொட்டுத் தடவுவர். தரையில் வைத்தபோது துள்ளாதிருக்கச் சிறிது எடை சேர்ப்பதும் உண்டு.

நடிகரின் உயிர்க்கும் உடலுக்கும் ஊறு நேராமற் காத்தலும் இவர்கள் கடமையே. சண்டைக் காட்சியில் தலைமேல் உடைபடும் கண்ணாடிப் புட்டி உண்மைக் கண்ணாடி அன்று. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி வார்த்து அதனைச் செய்தனர். பிற்காலத்தில் அதற்கென அமைந்த பிசின் வகைகளைக் கையாண்டனர். ஒரு பொருள் உடைய வேண்டிய நேரத்தில் உடைதலும், உடையக் கூடாத நேரத்தில் தாங்குதலும் வேண்டும். ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சந்திரலேகா'வில் வரும் முரசு நடனம் இதற்குத் தக்க சான்றாகும். கலை இயக்குநர் ஏ. கே. சேகர் அமைத்த அப்பெரு முரசுகளின்மேல் நடன மாதர் ஆடினர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் உள்ளிருந்து வீரர்கள் வெளிப்பட்டனர். பார்ப்பவர் கண்ணுக்கு முரசாகவும், ஆடுவோர் காலுக்கு மேடையாகவும், மறைந்திருப்போர்க்கு அறையாகவும் ஒரே பொருள் பயன்பட்டது.

புதுப்பொருளைச் செய்வதைவிடப் பழம்பொருளைச் செய்தல் கடினம். இராமேசுவரக் கரையில் பல்லாண்டு உழைத்த வத்தை ஒன்றைப் படப்பிடிப்பு நிலையத்தில் செய்ய வேண்டும் என்று கொள்வோம். மரத்தைச் சீவிப் பொருத்திவிட்டால் அது படகாகும். ஆனால் அக்கடற்கரைப் படகு ஆகாது. உப்புக்காற்றில் மரம் வெளிறும். ஆணியின் துரு கீழ்நோக்கிக் கோடாக வழியும். கயிறு உராயும் விளிம்பில் தேய்ந்த தடம் காணும். நீரில் அமிழும் பகுதியில் பாசியும் சிறு சிப்பியும் பற்றியிருக்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மீனவர் கண் உடனே கண்டுகொள்ளும். ஆகவே, உருவமைப்போர் கரையில் அமர்ந்து, படகுகளைப் பார்த்தும் தொட்டும், அவற்றைச் செலுத்துவோரை வினவியும் கற்றல் வேண்டும். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' படத்திற்காக மும்பையின் தாராவிப் பகுதியைச் சென்னையில் அமைத்துக் காட்டிய தோட்டா தரணி, சிறந்த கலை இயக்கத்திற்கான தேசிய விருதைப் பெற்றார். அரண்மனையின் பகட்டைப் போலவே ஏழையர் குடிசையின் பழமையும் கலைஞனின் நுண்ணறிவை வேண்டுவது என்பதை அவ்விருது காட்டுகின்றது.

அடுத்து, சிற்றுருவின் இயல்பைக் காண்போம். 1957ஆம் ஆண்டில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் துவாரகை நகரம் ஒளிவிளங்கத் தோன்றும். கே. வி. ரெட்டி இயக்கிய அப்படத்திற்கு கோகலே, கலாதர் ஆகியோர் கலை அமைத்தனர். மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்தார். திரையில் பெருநகராகத் தோன்றிய அத்துவாரகை, சென்னையில் 60 அடி நீளமும் 50 அடி அகலமும் உள்ள இடத்தில், கையால் செய்த 300 சிறு வீடுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. வீடுகள் ஒளிரும் தோற்றத்தை மின்விளக்குகளால் உண்டாக்கினர்.

சிறியதைப் பெரியதாகக் காட்ட உருவம் மட்டும் ஒத்திருந்தால் போதாது. காலமும் ஒத்திருத்தல் வேண்டும். 80 அடி உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் தரையை அடைய இரண்டேகால் நொடி ஆகும். அக்கோபுரத்தைப் பதினாறில் ஒரு பங்காக, 5 அடி உயரத்தில் அமைத்தால், கல் அரை நொடிக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் விழுந்துவிடும். அளவு பதினாறில் ஒன்றாகும்போது காலம் நான்கில் ஒன்றாகின்றது. பதினாறின் வர்க்கமூலம் நான்கு என்பதை மாணவர் அறிவர். வழக்கமாக நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் கருவியை, நான்கு மடங்கு விரைவாக 96 படங்கள் எடுக்கும்படி இயக்கி, பின்னர் 24 வீதம் திரையிட்டால், சிற்றுருவின் வீழ்ச்சி பெருங்கோபுரத்தின் வீழ்ச்சியைப் போலவே மெல்ல நிகழும். பார்வைக் கோணமும் கருதத்தக்கது. சிற்றுருவின் அளவில் ஒரு மனிதன் நின்றால் அவன் கண் எவ்வுயரத்தில் இருக்குமோ, அவ்வுயரத்தில் கருவியைத் தாழ்த்தி வைத்தல் நலம். மேலிருந்து நோக்கினால் பொம்மை வீடு பொம்மை வீடாகவே தோன்றும்.

எல்லாவற்றையும் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க இயலாது. இதனை இராமேசுவரக் கடற்கரையின் வரலாற்றைக் கொண்டே விளக்கலாம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அவ்வூர் நோக்கிச் சென்ற தொடர்வண்டி பயணிகளோடு கடல்வாய்ப் பட்டது. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் சிதைந்தது, ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் அது செப்பனிடப்பட்டது. இத்துயர நிகழ்ச்சியைத் திரையில் காட்ட விரும்புவோர்க்குச் சிற்றுருவே பெருந்துணை. ஆனால், மிகச் சிறிய தொட்டியில் அலை எழுப்பினால், தெறிக்கும் துளிகள் தொடர்வண்டிச் சன்னல் அளவு பெரியனவாகத் தோன்றி உண்மையை வெளிப்படுத்திவிடும். ஆதலின், நீர்க்காட்சிக்கு உருவம் பெரிதாக இருத்தல் வேண்டும். நான்கில் ஒரு பங்கு அளவைக் கொண்டால், 20 அடி அலைக்கு 5 அடி அலை வேண்டும். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் 25 செண்டிமீட்டராகும். எடையோ நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றனாலும் குறைவது. 20 டன் எடையுள்ள பெட்டியின் மாதிரி அறுபத்து நான்கில் ஒரு பங்காக, 312 கிலோவுக்குச் சற்று மேல் இருத்தல் வேண்டும். அதனினும் இலேசாகச் செய்தால், அலையில் அது வண்டி போல் சாயாமல் தக்கை போல் ஆடும்.

அளவைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் உண்டு. பழைய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரு சிறகுகளாகப் பிரிந்து மேல்நோக்கித் திறக்கும். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்வழித் தொடர்வண்டிப் போக்குவரத்து நின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதியோ பிரியாமல் நேரே மேலெழுகின்றது. 1964ஆம் ஆண்டின் கதையில் நேரே எழும் பாலத்தை ஒருவர் அமைத்தால், அது சிறு பிழை அன்று. தனுஷ்கோடியில் இப்பொழுது தேவாலயம், தொடர்வண்டி நிலையம் முதலியவற்றின் இடிந்த சுவர்களே எஞ்சி நிற்கின்றன. அவ்வூரை வாழ்ந்த நிலையில் கண்டவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பின்வரும் தலைமுறையினர் திரையில் காணும் உருவத்தையே தனுஷ்கோடி என்று மனத்தில் கொள்வர். கற்பனைக் கதையில் நேரும் பிழை நகைப்புக்கு இடமாகும். வரலாற்றில் நேரும் பிழையோ பொய்ச்சான்றாக நிலைத்துவிடும். ஆதலின், பழைய ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் எஞ்சிய சுவர்களையும் ஆராய்ந்து, முதியோரைக் கேட்டறிந்த பின்னரே கைவினைஞர் உளியை எடுத்தல் வேண்டும்.

இக்காலத்தில் கணிப்பொறியால் நகரங்களையும் கடல்களையும் திரையில் தோற்றுவிக்கின்றனர். அதனால் உருவமைக்கும் கலை அழிந்துவிடவில்லை. நடிகர் கையாளும் பொருளைக் கை செய்தே தரல் வேண்டும். கணிப்பொறியில் படகு வரைபவரும், உப்புக்காற்றில் மரம் வெளிறும் தன்மையை அறியாவிடின், பொம்மைப் படகையே வரைவர். கருவி மாறினும் முதல் விதி மாறுவதில்லை. மாதிரியின் பயனும் திரையரங்கோடு முடிவதன்று. இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடத்தில் ஏவுகணை முதலியவற்றின் மாதிரிகள் வைக்கப்பட்டுள்ளன. காணற்கரியதை அருகில் நின்று காணச் செய்வதே அவற்றின் பயனும் ஆகும்.

இத்தொழிலில் இன்னல்களும் உள. வெண்சாந்தின் தூசியும், கண்ணாடி இழையின் நுண்துகளும், பிசினின் ஆவியும் மூச்சுக்குக் கேடு பயப்பன. முகத்திரையும் காற்றோட்டமும் இன்றி வேலை செய்தல் தகாது. திங்கட் கணக்கில் உழைத்துச் செய்த பொருள் ஒரே காட்சியில் எரிக்கப்படும். அல்லது படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப்படும். காண்போர் நடிகரைப் புகழ்வர். பாறையைச் செய்தவர் யார் என வினவுவார் அரியர். 'இது செய்பொருள்' என்று எவரும் எண்ணாமையே அவர்க்குக் கிட்டும் பாராட்டு. ஆயினும், கண்ணில் படாத பக்கத்தையும் செம்மையாக முடிப்பவரே அத்தொழிலில் சிறந்தவராகக் கருதப்படுகின்றனர். ஒன்றைப் போலச் செய்ய விரும்புவோர், முதலில் அவ்வொன்றை ஐயமற அறிதல் வேண்டும். அறியாமையால் செய்யும் பொருள் எத்துணை அழகுடையதாயினும் நெடுநாள் நில்லாது.